இயங்குதளத்தின் மூலமும் உரையும்

நேயர்களே, மத்திய அரசு அலுவலகங்களில் பணிபுரிவோருக்குப் பச்சைத் தாளைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. கோப்பின் ஒரு பக்கத்தில் வந்த கடிதங்களும் போன கடிதங்களும் இருக்கும். மறுபக்கத்தில் பச்சைத் தாளில் குறிப்புகள் இருக்கும். என்ன முடிவாயிற்று என்பதைக் கடிதம் சொல்லும்; ஏன் அவ்வாறு முடிவாயிற்று என்பதைக் குறிப்பு சொல்லும். இருபது ஆண்டுகள் கழித்து அக்கோப்பு மீண்டும் மேசைக்கு வரும்போது, முடிவெடுத்தவர் ஓய்வு பெற்று ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். கடிதம் மட்டும் இருந்து குறிப்பு இல்லையானால், அந்த உத்தரவைக் காப்பதா மாற்றுவதா என்று எவராலும் துணிந்து சொல்ல இயலாது. மின்கோப்பு வந்தபின் தாள் போயிற்று. பச்சைக் குறிப்பு என்ற பெயர் மட்டும் இன்னும் போகவில்லை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அரசாங்கக் கோப்பு அன்று, கணிப்பொறியின் இயங்குதளம். ஆயினும் இரண்டுக்கும் நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே என்பதனால் பச்சைத் தாளிலிருந்து தொடங்கினோம். பெங்களூரிலும் புணேயிலும் ஐதராபாத்திலும் தில்லியை அடுத்த நொய்டாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கணிப்பொறித் தொழில் செய்யும் மகனோ மகளோ இருக்கக் காண்கிறோம். நள்ளிரவு வரை கண்விழித்துச் செய்யும் அவ்வேலை யாது என்று பெற்றோர் கேட்டால், “சொன்னால் விளங்காது” என்று விடை வருகிறது. விளங்கும்படி சொல்ல இயலும் என்பது நம் எண்ணம்.

இயங்குதளம் என்பது கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் அதில் நாம் செய்யும் வேலைகளுக்கும் நடுவே நின்று, நினைவகத்தையும் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் நிர்வாகி. மனிதர் எழுதிப் படிக்கும் வடிவில் உள்ள அதன் கட்டளைத் தொகுதிக்கு மூலநிரல் என்று பெயர். அதனை எண்களாக மாற்றியே இயந்திரத்திடம் கொடுக்கிறோம். எண்களை மட்டும் விற்று, மூலத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பது ஒருவகை வணிகம். மூலத்தையும் சேர்த்து வெளியிட்டு, யாவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம் என்று உரிமை கொடுப்பது திறந்த மூலம் எனப்படுகிறது. லினக்ஸ் இவ்வகையினது. நம் சட்டைப் பையிலுள்ள ஆண்டிராய்டு கைப்பேசியின் அடித்தளம் அதுவே. உலகின் மிக விரைவான 500 கணிப்பொறிகளின் பட்டியலில் 2017 நவம்பரில் இடம்பெற்ற அத்தனையும் அதனையே கொண்டிருந்தன.

மூலம் திறந்திருப்பது வேறு, அது விளங்குவது வேறு. சுவடி கையில் இருந்தும் பொருள் தெரியாமல் திகைத்தவர்கள் நம் முன்னோர். உரையாசிரியர்கள் தோன்றியிராவிட்டால் தொல்காப்பியத்தின் பல சூத்திரங்கள் நமக்கு வெறும் எழுத்துகளாகவே நின்றிருக்கும். இயங்குதளத்துக்கும் உரை வேண்டும் என்பதை அதனை முதலில் ஆக்கியவர்களே உணர்ந்திருந்தனர்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஆக்கினர். அதன் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்று தேதியிட்டு வெளிவந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சிறு பகுதி. பெயர், பயன்படுத்தும் வடிவம், விளக்கம் என வரிசையாகத் தலைப்புகள். அவற்றுள் இரண்டு தலைப்புகள் நம்மைப் பெரிதும் கவர்கின்றன. ஒன்று “உடையவர்” என்பது: அக்கட்டளைக்கு யார் பொறுப்பு என்று அங்கே சுருக்கப் பெயரில் எழுதியிருக்கும். மற்றொன்று “பிழைகள்” என்பது: இக்கட்டளை இன்ன இடத்தில் சரியாக இயங்காது என்று ஆக்கியோரே எழுதி வைத்தனர். அரசுச் சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்துக் காலம் கழிக்கும் நமக்கு, “இவ்வுத்தரவின் பிழைகள்” என்றொரு தலைப்புடைய சுற்றறிக்கையைக் காணும் பேறு இதுவரை வாய்க்கவில்லை.

கையேடு பயன்படுத்துவோருக்கு உரியது. மூலத்தின் உள்ளே புகுவோருக்கு முதல் உரை ஆஸ்திரேலியாவில் எழுந்தது. சிட்னி நகரில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்னும் ஆசிரியர் இருந்தார். யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு மூலத்தைத் தம் மாணவர்களுக்குப் பாடமாக வைக்க விரும்பினார். ஏறத்தாழ 9,000 வரிகளை எண்ணிட்டு ஒரு நூலாகவும், அவற்றுக்கு உரையை மற்றொரு நூலாகவும் 1976, 1977 ஆண்டுகளில் அமைத்தார். வரி எண்ணைச் சொல்லி, அவ்வரி செய்யும் தொழிலைச் சொல்லி, ஐயம் எழும் இடத்தில் ஐயத்தையும் சொல்லிச் செல்லும் முறை அது. பதவுரையும் கருத்துரையும் பயின்ற தமிழ் மாணவனுக்குப் பழகிய முறையே.

யூனிக்ஸின் உரிமையாளர்களான பெருநிறுவனத்தார் இதனை விரிவாகப் பரவ விடவில்லை. உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினர். 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமமோ, மூலத்தை வகுப்பறையில் பாடமாக வைப்பதையே தடுத்தது. விளைவு யாதெனின், லயன்ஸின் உரை படியின் படியாக, அதன் படியாக ஒளிநகல் எடுக்கப்பட்டு, எழுத்துகள் மங்கிய நிலையில் மாணவர் கைகளில் உலகெங்கும் உலவியது. 1996இல்தான் இசைவுடன் அச்சேறியது. இரண்டாண்டுகளில், 1998இல், லயன்ஸ் காலமானார்.

தடையின் விளைவு அத்துடன் நிற்கவில்லை. பாடம் சொல்ல மூலம் இல்லாத குறையைத் தீர்க்க, ஆம்ஸ்டர்டாம் நகரின் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் மினிக்ஸ் என்னும் சிறிய இயங்குதளத்தைத் தாமே எழுதி 1987இல் நூலுடன் வெளியிட்டார். பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கியில் அதனை வாங்கிப் பயன்படுத்திய மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தமக்கென ஒன்று எழுதத் தொடங்கினார். லினக்ஸ் அவ்வாறு பிறந்தது. ஓர் உரைநூலைப் பூட்டியதனால் இரண்டு புதிய மூலநூல்கள் தோன்றின என்றால் மிகையாகாது.

லயன்ஸ் உரை எழுதிய அந்த ஆறாம் பதிப்பில் ஒரு புகழ்பெற்ற இடம் உண்டு. ஒரு வேலையை நிறுத்தி மற்றொரு வேலைக்குக் கணிப்பொறி தாவும் இடத்தில், இதனை நீ புரிந்துகொள்வாய் என்று எதிர்பார்க்கவில்லை என்னும் பொருள்பட ஆக்கியோர் ஒரு குறிப்பு எழுதியிருந்தனர். படித்தவர்கள் இதனைச் செருக்கு என்று கொண்டனர். தேர்வில் இக்கேள்வி வராது என்று ஆசிரியர் சொல்வது போன்றே அதனை எழுதியதாக ரிட்சி பிற்காலத்தில் விளக்கினார். அதனோடு மற்றொன்றும் சொன்னார்: அவ்விடத்தில் நடப்பது யாது என்பது உண்மையில் தங்களுக்கே சரியாக விளங்கியிருக்கவில்லை என்றார். அடுத்த பதிப்பில் அப்பகுதி வேறுவிதமாக மாற்றி எழுதப்பட்டது. விளங்காததை விளங்கவில்லை என்று குறித்து வைத்தாலும் போதும். பின்வருபவன் அங்கே அடியெடுத்து வைக்கும்போது எச்சரிக்கையாக இருப்பான்.

குறிப்பே இல்லாத இடம்தான் அஞ்சத்தக்கது. இதற்கு 2006ஆம் ஆண்டு முதல் 2008 வரை நடந்த ஒரு செய்தியை நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

டெபியன் என்பது லினக்ஸை நடுவாகக் கொண்டு, பல நிரல்களையும் சேர்த்துத் தொண்டர்கள் கட்டிக் காத்துவரும் முழுமையான இயங்குதளம். அதில் ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் பகுதி, இரகசியச் சாவிகளை ஆக்கித் தருவது. சாவி இரகசியமாக இருக்க வேண்டுமானால் அது எவரும் ஊகிக்க இயலாத எண்ணாக இருக்க வேண்டும். ஆகவே பல இடங்களிலிருந்து தற்செயலான எண்களைத் திரட்டி ஒரு கலத்தில் இட்டுக் கலக்குவது போன்ற ஏற்பாடு அந்நிரலில் உண்டு. கலத்தில் இடும் வரி இரண்டு இடங்களில் ஒரே சொற்களில் வந்தது. ஓரிடத்தில் அது அவசியம் அன்று. இன்னதென்று தெரியாத பழைய எண்களையும் வாரிப் போட்டால் நன்மைதானே என்ற அளவில் எழுதப்பட்டது. ஒரு சோதனைக் கருவி இவ்வரியைக் குறை கூறும் என்று அதன் அருகே சிறு குறிப்பும் இருந்தது. மற்றோரிடத்தில் அதே வரி உயிர்நாடி: உண்மையான தற்செயல் எண்கள் அனைத்தும் அவ்வழியாகவே உள்ளே சென்றன. அங்கே குறிப்பு ஒன்றும் இல்லை.

டெபியன் தொண்டர் ஒருவர் வால்கிரிண்ட் என்னும் கருவியைக் கொண்டு சோதித்தபோது, இரண்டு வரிகளையும் அது குறை கூறியது. அவர் கவலையற்றவர் அல்லர். நீக்கலாமா என்று நிரலை ஆக்குவோரிடம் கேட்டார். கிடைத்த விடை நீக்குவதைத் தடுப்பதாக இல்லை. இரண்டையும் நீக்கினார். கருவி வாய் மூடிற்று. இயங்குதளம் முன்போலவே இயங்கியது. சாவிகள் முன்போலவே பிறந்தன. ஆனால் கலத்தில் இப்போது விழுந்தது ஒன்றே ஒன்று: அவ்வேளையில் ஓடும் வேலைக்குக் கணிப்பொறி இட்ட வரிசை எண். அது 32,768ஐத் தாண்டுவதில்லை. எண்ணித் தீராத சாவிகள் இருக்க வேண்டிய இடத்தில், ஒரே வகைக் கணிப்பொறியில் ஒரே நீளச் சாவிக்கு 32,768 மட்டுமே எஞ்சின. ஒரு கள்வன் அத்தனையையும் முன்கூட்டியே செய்து கோத்து வைத்துக்கொள்ள இயலும்.

2008 மே 13ஆம் நாள் டெபியன் தானே இதனை வெளிப்படையாக அறிவித்தது. அதனை அடியொற்றிய உபுண்டு முதலியவையும் இதே குறைக்கு ஆளாகியிருந்தன. உலகெங்கும் நிர்வாகிகள் பழைய சாவிகளைத் தேடித் தேடி எறிந்து புதியன செய்தனர். இதில் தீயவர் எவரும் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இரண்டாவது இடத்தில், இதை நீக்கினால் சாவிகளின் இரகசியம் போகும் என்று ஒரு வரி இருந்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது என்பதே நம் கருத்து.

இனி லினக்ஸின் நிர்வாக முறையைச் சிறிது காண்போம். 1991இல் ஏறத்தாழ 10,000 வரிகளுடன் தோன்றிய அதன் மூலம் இன்று மூன்று கோடி வரிகளைக் கடந்து நிற்கிறது. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. முதல் இரண்டு வாரம் புதியவற்றை ஏற்பது. எஞ்சிய வாரங்கள் பிழை களைவது. திருத்தம் அனுப்புகிறவர் திருத்தத்தை மட்டும் அனுப்பினால் போதாது. இருந்த குறை யாது, அதனால் யாருக்கு என்ன தொல்லை, இவ்வழியைத் தேர்ந்தது ஏன் என்று எழுத வேண்டும். அதனையும் “நான் இதை மாற்றினேன்” என்று எழுதாமல், “இதை இவ்வாறு ஆக்குக” என்று மூலத்துக்கே கட்டளை இடுவது போல ஏவல் வினையில் எழுத வேண்டும் என்பது விதி. பழைய திருத்தம் ஒன்றின் தவற்றைச் சரிசெய்வதானால் அப்பழைய திருத்தத்தின் அடையாள எண்ணைக் குறிப்பிட வேண்டும். இலக்கணம் படித்த எவருக்கும் இவ்விதிகள் மகிழ்ச்சி தரும்.

கையொப்பமும் உண்டு. மூலத்தின் உரிமை பற்றி 2003இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கு எழுந்தது. அதன்பின், 2004 முதல், இது என் சொந்த ஆக்கம் அல்லது வழங்க உரிமை பெற்ற ஆக்கம் என்று உறுதி கூறி ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் பெயரிட வேண்டும் என்றாயிற்று. கைமாறி மேலே செல்லும்போது வாங்கி அனுப்பும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் சேர்க்கின்றனர். உதவியாளர், பிரிவு அலுவலர், துணைச் செயலர் என்று குறிப்பின் கீழ் ஒப்பங்கள் ஏறிச் செல்வதை நாம் அறிவோம் அல்லவா? ஒரு வேறுபாடு: இங்கே எல்லா ஒப்பங்களையும் உலகம் பார்க்கலாம்.

இவற்றையெல்லாம் வரிக்கு வரி நினைவில் வைக்கும் பதிவேட்டின் பெயர் கிட். டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் அதனை எழுதினார். ஒரு வரியைச் சுட்டி, இதனை எழுதியவர் யார், எப்போது, எதற்காக என்று கேட்டால் அது விடை சொல்லும். பழைய வரி ஒன்றைக் கேட்டால் மட்டும் 2005 ஏப்ரல் என்ற ஒரே விடையைச் சொல்லி நின்றுவிடும். ஏனெனில் அதற்கு முற்பட்ட வரலாற்றைச் சேர்த்தால் 3.2 கிகாபைட் அளவு பெருகும் என்று கருதி, அதனை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினர். பழைய வரலாற்றைப் பிறர் தனியே தொகுத்து வைத்திருக்கின்றனர் என்பது ஆறுதல். ஆயினும் தலைமைப் பதிவேட்டிலேயே அது இருந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆவணக் காப்பில் இடத்தைச் சேமிப்பவர்கள் பின்னர் காலத்தைச் செலவழிக்கின்றனர்.

மூலத்தின் உச்சியில், காப்பாளர்கள் என்று பெயரிட்ட ஒரு நெடிய ஏடு இருக்கிறது. இன்ன பகுதிக்கு இன்னார் பொறுப்பு என்பது அதன் உள்ளடக்கம். ஒவ்வொரு பகுதிக்கும் நிலை ஒன்றும் குறிக்கப்படும்: ஊதியம் பெற்றுக் கவனிப்போர் உண்டு, ஒருவர் கவனிக்கிறார், நேரம் கிடைக்கும்போது கவனிக்கிறார் என்று இறங்கிக்கொண்டே வந்து, இறுதியில் “அனாதை” என்ற சொல்லும் இருக்கிறது. அப்பகுதி ஓடிக்கொண்டுதான் இருக்கும். எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் அதனை நம்பி நிற்கும். கேட்பார் மட்டும் இல்லை.

அனாதையாகாமல், ஒரே ஒருவர் தோளில் நிற்கும் பகுதிகள் இன்னும் இடர்ப்பாடானவை. 2024இல் நேர்ந்ததைப் பலர் நாளிதழ்களில் படித்திருக்கலாம். கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் எக்ஸ்இசட் என்னும் சிறு நிரல், லினக்ஸ் சார்ந்த இயங்குதளங்களில் பரவலாக இடம்பெறுவது. அதனை ஊதியமின்றிக் காத்துவந்தவர் ஒருவரே, அவரும் தளர்ந்திருந்தார். ஜியா டான் என்ற புனைபெயருடன் ஒருவர் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பயனுள்ள திருத்தங்கள் தந்து, நம்பிக்கை பெற்று, இணைக் காப்பாளரும் ஆனார். பின்னர் 2024 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வந்த இரண்டு பதிப்புகளில், தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழையும் கள்ளக் கதவு ஒன்றை ஒளித்து வைத்தார். ஒளித்த விதம் நுட்பமானது: சோதனைக்கென்று வைத்த விளங்காத கோப்புகளுக்குள் பெரும்பகுதி, அதனைத் திறந்துவிடும் சிறு வரிகளோ, யாவரும் பார்க்கும் பதிவேட்டில் இல்லாமல், வெளியிட்ட கட்டில் மட்டும்.

ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், தம் கணிப்பொறியில் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கண்டு, ஏன் என்று கேட்டுத் துருவினார். மார்ச்சு 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலான இயங்குதளங்களின் நிலைத்த பதிப்புகளுக்குள் அக்கதவு செல்லுமுன் தடுக்கப்பட்டது. அரை விநாடியைப் பொருட்படுத்தும் மனிதர் ஒருவர் இருந்தார் என்பதைத் தவிர வேறு காவல் அன்று இருந்ததாக நாம் கருதவில்லை. பல நூறு நிறுவனங்கள் பயன் கொண்டிருந்த அந்நிரலுக்கு இரண்டாவது காப்பாளர் ஒருவரை ஊதியம் கொடுத்து அமர்த்த எவரும் முன்வராததே இதில் பெருங்குற்றம். தளர்ந்த அந்தத் தொண்டரைக் குறை கூறுவது அறமாகாது.

நம் நாட்டிலும் இப்பணி நடக்கிறது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் இயங்குதளத்தை 2007 முதல் வெளியிட்டு வருகிறது; இந்திய மொழிகள் பலவற்றில் அது பேசுகிறது. கேரளத்தின் பள்ளிகளிலோ கணிப்பொறிப் பாடம் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கற்பிக்கப்படுகிறது. இவற்றைப் பயன்படுத்துவோர் பலர். மூலத்துக்குள் சென்று, அங்கே விளங்காததைக் குறித்து அனுப்புவோர் அவ்வளவு இல்லை என்று அஞ்சுகிறோம்.

மொழிபெயர்ப்பாளர்கள் என்ற முறையில் நம் கண்ணுக்குப் பட்ட ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறோம். லினக்ஸ் மூலத்துடன் அதன் விளக்க ஏடுகளும் சேர்ந்தே வருகின்றன. அவற்றுள் மொழிபெயர்ப்புகளுக்கென்று தனி அடைவு உண்டு. சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் ஆகியவை அங்கே இருக்கின்றன. ஆங்கில மூலம் ஓயாமல் மாறுவதனால், எந்த மொழிபெயர்ப்பு எந்தத் திருத்தத்துக்குப் பின்தங்கி நிற்கிறது என்று பட்டியலிட்டுக் காட்டும் சிறு நிரல் ஒன்றையும் 2024இல் அவர்கள் சேர்த்துக்கொண்டனர். ஒரு கையேட்டை மொழிபெயர்த்து முடித்த மறுநாளே ஆங்கிலத்தில் அது திருத்தப்பட்டுவிட்டதை ஆறு திங்கள் கழித்து அறிய வரும் நம்மவர்களுக்கு, இதைக் கண்டு பொறாமை எழுவது இயல்பே.

தமிழுக்கு அங்கே அடைவு இல்லை. தொடங்க விரும்பும் இளைஞர் எவரேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், திருத்தம் அனுப்பும் முறையைக் கூறும் ஏட்டை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்பது நம் யோசனை. அது அளவான ஏடு. அதனில் கணிதம் இல்லை. ஏன் என்பதை எழுதும் கலையே அதன் பொருள். பிற மொழியினர் முதலில் செய்தவற்றுள்ளும் அதுபோன்ற ஏடுகள் உண்டு. சொற்களுக்குத் தயங்க வேண்டாம். திருத்தத்துக்கு “ஒட்டு” என்ற சொல்லைத் தையல்காரரிடமிருந்து கடன் வாங்கலாம். காப்பாளருக்குக் காப்பாளர் என்பதே போதும். “அனாதை” என்பதற்கு மட்டும் இன்னும் நல்ல சொல் நமக்கு அகப்படவில்லை. அகப்பட்டவர்கள் எழுதி அனுப்பினால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வோம்.